காலைத் தட்டில் வட்டார வழக்கு

இன்று காலை என்ன உண்டீர்கள் என்று அரைப்பக்கம் எழுதித் தருமாறு அண்மையில் நம் வகுப்பில் கேட்டோம். தாள்தோறும் 'டிபன்' என்ற சொல் இருந்தது. பெரும்பாலும் இட்லி, எஞ்சியவற்றில் தோசை. வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் அருகில் வந்து, "ஐயா, இட்லின்னு எழுதிட்டேன். குடிச்சது கம்மங்கூழ்தான்" என்றார். அவரைப் பொய் எழுத வைத்தது எது?

டிபன் என்பது இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் நண்பகல் சிற்றுணவுக்கு வழங்கிய பெயர். நாம் அதைக் காலைக்கும் மாற்றிக்கொண்டோம். அவர்களுடைய தீவுகளிலோ காலை உணவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது. முட்டையும் பன்றியிறைச்சியும் பொது. வேல்சில் அவற்றுடன் குழைய வேகவைத்த கடற்பாசி சேரும். ஸ்காட்லாந்தில் ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸுடன் சேர்த்துச் செய்யும் ஹாகிஸ் சேரும். வட அயர்லாந்தில் சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் சேரும். அதற்கு 'அல்ஸ்டர் வறுவல்' என்று வட்டாரத்தின் பெயரே வழங்குகிறது.

தமிழர் காலையும் இத்தகையதே. கொங்கில் சந்தகை, குமரியில் புட்டு, யாழ்ப்பாணத்தில் இடியப்பமும் சொதியும், வட ஆர்க்காட்டில் கேழ்வரகுக் கூழ். வானம் பார்த்த வேடசந்தூர்ப் பக்கத்தில் கம்பும் சோளமும். கம்பில் நீர் தெளித்து உரலில் இடித்து, உமி புடைத்து, மீண்டும் இடித்துச் சோறாகக் கிண்டுவர். மிஞ்சியதை உருண்டையாக்கி நீரில் இட்டு, மறுநாள் மோரில் கரைத்துக் குடிப்பர். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த உரலின் முன் நின்று கை காய்த்தவர்கள் நம் தாய்மார்கள். தீபாவளிக்கு மட்டுமே இட்லி கண்ட வீடுகள் அவை. நெல்லுச்சோறு கிடைத்ததும் கம்பை விட்டதற்காக அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் மாவு அரைக்கும் இயந்திரம் வந்து உழைப்புக் குறைந்த பின்னும் கூச்சம் குறையவில்லையே! கரூர்ச் சாலையோரத் தள்ளுவண்டியில் காரை நிறுத்திக் குடிப்பவருக்குக் கூழ் உடல்நலம். வீட்டில் குடித்துவிட்டு வரும் மாணவருக்கு அதுவே வறுமையின் அடையாளம். உணவு ஒன்றே, மதிப்புதான் இரண்டாகிவிட்டது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் அருமை, பசித்த பிள்ளைகளின் முன் நின்று பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என அமைந்த அப்பட்டியலில் வாரம் ஒருநாள் அந்தந்த வட்டாரத்தின் உணவும் தன் சொந்தப் பெயரோடு இடம்பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பள்ளித் தட்டில் எல்லோருடனும் அமர்ந்து உண்டதன் பெயரைத் தாளில் எழுத எந்தப் பிள்ளையும் கூசாது.