உள்ளுறை வெப்பமும் தொகைசார் பண்பும்

தமிழில் செய்யுள் பாடலாம், மேடையில் முழங்கலாம், ஆனால் வேதியியல் கற்பிக்க வியலாது என்பார் இன்னும் உளர். அவர் கூற்றைப் பொதுப்பட மறுத்துக் கொண்டிருப்பதில் பயனில்லை. வேதியியலுள் ஒரு பகுதியை எடுத்து, அதன் சொற்களை ஒவ்வொன்றாய் நிறுத்துப் பார்ப்பதே நேரிய வழி. பொருள்கள் வெப்பம் ஏற்றல், நிலை மாறல், கரைசல்களின் தொகைசார் பண்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. மேனிலைப் பள்ளி மாணவர் பலர் இடறி விழும் இடமும் அதுவே.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கலோரி ஒரு கிராம் இரும்புக்குக் கிடைத்தால், அது ஏறத்தாழ ஒன்பது பாகை சூடேறிவிடும். நண்பகலில் கடற்கரை மணல் காலைச் சுட, நாலடி தள்ளி அலைநீர் தண்ணெனக் கிடப்பதற்கு இதுவே தலையாய கரணியம். இவ்வியல்பை ஆங்கிலத்தார் 'கொள்ளளவு' எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். வெப்பத்தை ஒரு நீர்மம் போலவும், பொருள்களை அதனை நிரப்பிவைக்கும் ஏனங்கள் போலவும் எண்ணிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கருத்தின் எச்சம் அது. தமிழில் வழங்கும் 'வெப்ப ஏற்புத்திறன்' என்பதில் அக்குறை இல்லை. குடம் நிரம்பும், பொருள் வெப்பத்தால் நிரம்புவதில்லை, ஏற்கிறது, அவ்வளவே.

இனி நிலைமாற்றம். இதனை முதன்முதல் அளந்து காட்டியவருள் தலைசிறந்தவர் இசுக்காட்லாந்தின் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த யோசேப்பு பிளாக்கு. ஒரே அளவினவான இரு கண்ணாடிக் குடுவைகளுள் ஒன்றில் பனிக்கட்டியையும், மற்றதில் உறையும் நிலையை ஒட்டிய குளிர்நீரையும் இட்டு, ஒரே அறையில் தொங்கவிட்டார். குளிர்நீர் அரை மணி நேரத்தில் அடைந்த வெப்பநிலையை அடையப் பனிக்கட்டிக்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அறையினின்று வெப்பம் உட்சென்றுகொண்டேயிருந்தது; வெப்பமானியோ பனிக்கட்டி உருகித் தீருமளவும் அசையவில்லை. சென்ற வெப்பம் எங்கே? அழிந்துவிடவில்லை, உள்ளே உறைகின்றது. இதற்கு அவரிட்ட பெயர் 'மறைந்துள்ளது' எனப் பொருள்படும் இலத்தீன் வழிச் சொல்.

தமிழில் இது 'உள்ளுறை வெப்பம்'. இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் வணங்கத்தக்கவர். தொல்காப்பியர் அகப்பொருளில் 'உள்ளுறை' என்பது, வெளியே சொல்லப்பட்டதன் உள்ளே சொல்லப்படாத பொருள் தங்கியிருத்தலைக் குறிக்கும். வெப்பமானி சொல்லாது விடுவதைப் பொருள் தன்னுள் வைத்திருப்பதும் அஃதேயன்றோ! தமிழ் வகுப்பில் உள்ளுறையைக் கற்ற மாணவன், அடுத்த மணியில் வேதியியல் வகுப்பில் அதே சொல்லைக் கேட்டும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை என்றால், பிழை மொழியினுடையதன்று. இரு வகுப்பிற்கும் இடையே சுவரெழுப்பிய ஆசிரியர்களுடையது.

பிளாக்கின் வாழ்வில் மற்றொன்றும் எண்ணத்தக்கது. 1754-இல் அவர் மருத்துவப் பட்டத்திற்கு அளித்த ஆய்வேடு இலத்தீனில் எழுதப்பெற்றது; அக்காலத்தில் கற்றோர் மொழி அதுவே. அவருடைய ஆசிரியர் வில்லியம் கல்லன்தான் கிளாசுகோவில் அம்மரபை உடைத்து, மக்கள் மொழியாகிய ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கினார். இன்று அறிவியலுக்கென்றே பிறந்ததுபோற் போற்றப்படும் ஆங்கிலமும் ஒருநாள் வகுப்பறை வாயிலில் நின்ற மொழியே.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரியும், ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரியும் வேண்டும். இவ்வெண்களை நெட்டுருச் செய்வதினும், இட்டலிக் கலத்தைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்ட தாயிடம் கேட்பது நன்று. கொதிநீர் ஒரு கிராம் மேனியிற் பட்டு உடலின் 37 பாகைக்குத் தணிந்தால் விடுவது 63 கலோரி. அதே சூட்டிலுள்ள ஆவியோ நீராகும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டுப் பின்னரே அந்த 63-ஐயும் தரும்.

மூன்றாவதாகிய தொகைசார் பண்பே மாணவரை மிகுதியும் அச்சுறுத்துவது. ஒரு கிலோகிராம் நீரில் 60 கிராம் யூரியாவைக் கரைத்தால், அந்நீர் சுழியத்திற்குக் கீழ் 1.86 பாகையிலேயே உறையத் தொடங்கும். 342 கிராம் சருக்கரையைக் கரைத்தாலும் கிட்டத்தட்ட அதே 1.86 பாகை. எடை வேறு, பொருள் வேறு, விளைவு ஒன்று. ஏனெனில் இரண்டிலும் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. மக்கள்தொகை எடுப்பார் வீட்டுக்கு வந்தால் கைக்குழந்தையும் ஒன்று, பாட்டனும் ஒன்று என்றே எழுதுவர். ஆளின் எடையைக் கேட்பதில்லை. நீரும் அவ்வாறே கணக்கெடுக்கிறது. 58.5 கிராம் சமையலுப்போ ஏறத்தாழ இருமடங்கு தாழ்வைத் தருகிறது. உப்பின் ஒவ்வொரு கூறும் நீரில் இரு மின்துகளாய்ப் பிரிந்து இரண்டாக எண்ணப்படுவதே அதன் கரணியம் என்பதை அரீனியசு 1887-இல் நிறுவினார்.

இப்பண்புகளுக்கு ஆசுட்டுவால்டு 1891-இல் இட்ட பெயருக்கு 'ஒருங்கு கட்டுண்டவை' என்பதே இலத்தீன் வேர்ப்பொருள். அதில் எண்ணிக்கை என்னும் கருத்தே இல்லை. 'தொகை'யிலோ தொகுதலும் உண்டு, எண்ணும் உண்டு. ஆங்கிலவழி மாணவன் வரையறையைத் தனியே நெட்டுருச் செய்ய வேண்டும். தமிழ்வழி மாணவனுக்குப் பெயரே வரையறை.

சென்னைக்குக் குடிநீர் தரவென மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் தொடங்கப்பெற்ற கடல்நீர் நன்னீராக்கு நிலையங்கள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி இலிட்டர் தருமாறு அமைந்தவை. அவை இத்தொகைசார் பண்புகளுள் ஒன்றாகிய சவ்வூடு பரவலழுத்தத்தை எதிர்த்து நடப்பவை. கடல்நீரின் அவ்வழுத்தம் வளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. அதனை விஞ்சி அழுத்தினாலன்றி நன்னீர் சவ்வைக் கடந்து வாராது. தெருத்தோறும் 'ஆர்.ஓ. வாட்டர்' என்று பலகை தொங்குகிறது. அவ்விரண்டு எழுத்தையும் நாள்தோறும் சொல்வாரைப் பொருள் கேட்டால் வாய் திறவார். 'எதிர்ச் சவ்வூடு பரவல்' என்பது நீண்டது என்று நகைப்பவர்க்கு, அறியாமைதான் குறுகியது போலும்!

ஆயினும் தமிழ்ச் சொல் என்பதாலேயே எல்லாம் செவ்விதாகிவிடாது. 'நிலை' என்னும் ஒரு சொல்லின் தலைமேல் பாடநூல்கள் மூன்று சுமையை ஏற்றியுள்ளன. திண்ம நிலை என்னுமிடத்து அது பொருளின் இருப்பைக் குறிக்கிறது. வெப்பநிலை என்னுமிடத்துச் சூட்டின் அளவை. கொதிநிலை, உறைநிலை என்னுமிடத்து மாற்றம் நிகழும் எல்லையை. 'உறைநிலை' என்றதும் மாணவன் உறைந்து கிடக்கும் நிலையென்றே கொள்கிறான். பின் 'உறைநிலைத் தாழ்வு' அவனுக்கு எவ்வாறு விளங்கும்? எல்லையைக் குறிக்குமிடத்து 'வரை' என்பதை ஆண்டு, கொதிவரை, உறைவரை, உருகுவரை என வழங்கின் குழப்பம் தீரும். உறைவரைத் தாழ்வு என்றால், உறையும் எல்லை கீழிறங்கிற்று என்பது சொல்லும்போதே புலனாகும். பாடநூற் குழுவினர் இதனை ஏற்கும்வரை, ஆசிரியராவது பாடந் தொடங்கும் முதல் நாளிலேயே மூன்று 'நிலை'களையும் கரும்பலகையில் மூன்று வரியாய்ப் பிரித்தெழுதிக் காட்டுதல் வேண்டும்.