ஒரே பொறி, வேறு வேகம்

வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் நம்பியிருக்கும் ஐ.பி.எம். பெருங்கணினிகளிலே லினக்ஸ் இயங்குதளம் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கி வழங்கி வருகின்றது. சூசே, ரெட் ஹற், உபுண்டு என அதனைத் தொகுத்து வெளியிடுவோர் பலர். இவர்தம் பதிப்புகளை ஒரே பொறியில் ஏற்றினால், ஒரே வேலையை ஒன்று விரைந்தும் மற்றொன்று தாழ்த்தும் முடித்தல் உண்டு. உடனே, ஒன்று சிறந்தது, மற்றது இழிந்தது எனத் தீர்ப்பும் பிறந்துவிடுகின்றது. அது வாய்ப்பேச்சோடு ஒழிந்தாற் கேடில்லை. இப்பொறிகளில் மென்பொருட் கட்டணம் பெரும்பாலும் செயலிகளின் எண்ணிக்கையைப் பற்றி வருவதால், பிழையான தீர்ப்புப் பெரும் பொருளிழப்பாய் முடியும்.

பெயரை விடுத்துக் காரணத்தைத் தேடுதல் வேண்டும் என்பதே எமது கருத்து. மூலநிரல் ஒன்றாயினும், அதனை இயந்திர மொழிக்கு மாற்றியவர் எத்தலைமுறைப் பொறியைக் குறித்து மாற்றினார் என்பதே முதற் கேள்வி. 2015 இல் வந்த இசட்-13 பொறியிலே 128 பிற்று அகலமுள்ள 32 திசையன் பதிவகங்கள் புகுந்தன. ரெட் ஹற்றின் 8 ஆம் பதிப்பு இசட்-13 ஐயும், 9 ஆம் பதிப்பு இசட்-14 ஐயும் கீழெல்லையாகக் கொண்டன. இன்னும் பழைய பொறிகளுக்கு இடங்கொடுக்கும் பதிப்பொன்று புதுப்பொறியின் வலிமையைப் பெரிதுந் தொடாமலே ஓடக்கூடும். அது குறையன்று, பழைய பொறியுடையாரைக் கைவிடாமையின் விலை.

இசட்-15 பொறியிலே, 2019 இல், தரவைச் சுருக்கும் உறுப்பொன்று செயலிச் சில்லினுள்ளேயே அமைந்தது. ஆயினும் இசட்லிப் எனும் நூலகம் அதனை அழைக்கத்தக்கதாகத் திருத்தப்பட்டிருந்தாலன்றி அவ்வுறுப்பு வாளாவிருக்கும். கோப்புகளைச் சுருக்கிப் பார்த்தவர் இரு பதிப்புகளிடையே மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை காண்பார். கணக்குப் பதிவுகளை ஓட்டிப் பார்த்தவர் யாதுங் காணார். இருவர் சொல்வதும் மெய்யே!

மற்றொன்று: ஸ்பெக்டர் எனும் பாதுகாப்புக் குறை 2018 இல் வெளிப்பட்டபின் அதற்கெதிரான காப்புகள் இயங்குதளத்துட் புகுத்தப்பட்டன. அவை வேகத்தைச் சிறிது உண்பன. கதவைப் பூட்டாது ஓடியவன் முந்திவிட்டான் என்று பரிசளிப்பார் உளரோ?

இனி, பெருங்கணினி பல பிரிவுகளாக வகுக்கப்பட்டுச் செயலிகள் பகிரப்படுவது. அயற்பிரிவிலே வேலை மிகுந்த நேரத்தில் அளந்தால் எப்பதிப்பும் சோர்ந்தே தோன்றும். எனவே காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் ஓட்டி ஒப்பிடுதல் அளவையாகாது. பௌதிக ஆய்வுகூடத்தில் ஊசலின் நீளத்தை மாற்றுகையிற் குண்டை மாற்றாதிருக்கக் கற்ற நம் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. சோதனை நிரலை ஒரே தொகுப்பானால், ஒரே கட்டளைகளுடன், வேண்டும் நூலகங்களையும் உள்ளடக்கி ஒருமுறை ஆக்கி, அதனையே இரு பதிப்புகளிலும் ஓட்டுக. வேற்றுமை மறைந்தால், காரணம் முன்னர் ஆக்கிய முறையிலோ நூலகங்களிலோ உளது. மறையாதாயின், அதன்பின்னரே கேர்னலையும் அதன் அமைப்புகளையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.