பீரோவின் மேல் ஒரு கிட்டார்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பெண்பிள்ளைக்குக் கிட்டார் எதற்கு?" என்று கேட்போர் நம் வீடுகளில் இன்றும் உண்டு. எங்கள் அத்தை திருமணத்திற்கு முன் கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவராம். 'வாசித்தவராம்' என்றுதான் எழுத முடிகிறது. ஏனெனில் அந்த வாசிப்பை எவரும் பதிவு செய்து வைக்கவில்லை. அவருடைய திருமண வீடியோ மட்டும் மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதில் கிட்டார் ஒரு நொடிகூட இல்லை. அது பழைய போர்வையில் சுற்றப்பட்டு, பாட்டி வீட்டுப் பீரோவின் மேல் கிடந்தது.

எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அத்தையின் நினைவுதான் வந்தது. அவர் வட கரோலினா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டு வேலை செய்து சேர்த்த காசில், 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். அவருக்கு இடக்கைப் பழக்கம். வலக்கையருக்காகக் கட்டிய கம்பிகளை மாற்றாமல், கிட்டாரையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். தடித்த கம்பிகளை விரல்கள் மீட்ட, மெல்லிய கம்பிகளில் கட்டைவிரல் மெட்டு வாசித்தது. ஆசிரியர் எவரேனும் இருந்திருந்தால் 'இது தவறு' என்று கையிலேயே ஒன்று போட்டிருப்பார்!

சரக்கு ரயிலைப் பற்றி அவர் பாட்டுக் கட்டியபோது வயது பதினொன்றோ பன்னிரண்டோதான். பின்னர் திருமணம், குழந்தை, வீட்டு வேலை. உலகப் பாட்டுகளை விட்டுவிடும்படி அவர் சென்ற ஆலயத்தினரும் சொன்னார்கள். பல பத்தாண்டுகள் அவர் கிட்டாரைத் தொடவேயில்லை.

முதிய வயதில், வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவர் வாசித்தபோதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. அந்த வீட்டு மகன் மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியை அவர் வீட்டிற்கே எடுத்துச் சென்று, படுக்கையறையில் பதிவு செய்தார். அது 1958இல் இசைத்தட்டாக வந்தது. ஏறக்குறைய தொண்ணூறு வயதில், 1985இல், அவருக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

என் மனத்தைத் தைப்பது விருது அன்று, அந்தப் படுக்கையறைதான். 1957இல் இங்கிலாந்தில் அவருடைய ரயில் பாட்டு பெரும் புகழ் பெற்றது; ஆனால் இயற்றியவர்கள் என்று வேறு பெயர்கள் போடப்பட்டிருந்தன. அவர் குரலிலேயே பதிவு இல்லாமற் போயிருந்தால் நாம் எதை நம்புவது?

மேடை ஏறுவோரை உலகம் பதிவு செய்துகொள்ளும். தமக்காக வாசிப்போரை வீட்டார்தாம் பதிவு செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இதற்குப் பெரிய செலவும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைத் தலையணைமேல் வைத்தால் போதும். படிப்புக் கெடும் என்பார்கள். என் கணக்கு மதிப்பெண் கிட்டாருக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது!

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்தக் கிட்டாரைக் கீழே இறக்கினேன். இரண்டு கம்பிகள் துருப்பிடித்து அறுந்திருந்தன. அப்பா புதிய கம்பிகள் வாங்கித் தந்தார். "எல்லாம் மறந்துபோச்சுடி" என்று சொல்லிக்கொண்டேதான் அத்தை மடியில் வாங்கினார். நாலரை நிமிடம் வாசித்தார். பதிவின் நடுவில் குக்கர் இரண்டு முறை கூவுகிறது. "அழிச்சிடு, நாளைக்கு நல்லா வாசிக்கிறேன்" என்றார். மறுநாளும் வாசித்தார், ஆனால் முதல் பதிவை நான் அழிக்கவில்லை.