கொதிக்க வைக்கத் தெரியும், ஆற வைக்கத் தெரியுமா?

போன டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து பெரியப்பா பையன் வீடியோ கால் பண்ணினார். "டேய், நீ மெக்கானிக்கல்தானே? கொதிக்கிற 19 லிட்டரை அரை மணி நேரத்துல 20 டிகிரிக்கு எப்படிடா கொண்டு வர்றது?"

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் 'ஓ' கிரேடு வாங்கியவன் நான். பதில் வரலை.

அண்ணா வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். இங்கே முயற்சி பண்ணிடாதீங்க, தமிழ்நாட்டில் அது குற்றம். அங்கே 1978-ல் சட்டத்தை மாற்றி, சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச அனுமதித்துவிட்டார்கள். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கிற இனிப்புக் கரைசலுக்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் கிருமி சாகும், புரதம் திரளும், ஹாப்ஸ் பூவின் கசப்பு இறங்கும். பிறகு ஆற வைத்து ஈஸ்ட் போட வேண்டும்.

முதல் தடவை, பொங்கி வழியாம பக்கத்திலேயே நின்னு பார்த்துக்கிட்டாராம். அடுப்பை அணைச்சதும் 'தானா ஆறட்டும்'னு ராத்திரி முழுக்க அரைகுறையா மூடி வச்சிட்டார். கடைசியில் ஒரே புளிச்ச நாத்தம். மொத்தத்தையும் சிங்க்கில் கொட்டினார்.

காரணம் சிம்பிள். கொதிக்கும்போது கிருமி வாழாது. ஈஸ்ட் போட்டுவிட்டால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் வர்ற வெதுவெதுப்புதான் ஆபத்து: இனிப்பு இருக்கு, காவலுக்கு ஆள் இல்லை. அவசரப்பட்டுச் சூட்டிலேயே போட்டால் ஈஸ்ட் செத்துடும். பால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதானே அம்மா உறை ஊத்துறாங்க?

கணக்கு போட்டோம். 19 கிலோ, 80 டிகிரி: சுமார் 6,400 கிலோஜூல். கிட்டத்தட்ட 1.8 யூனிட் கரண்ட். அவ்வளவு சூட்டையும் வெளியே தள்ளணும். அடுத்த தடவை அண்ணா செம்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கி, அதில் குழாய்த் தண்ணியை ஓட விட்டார். முதலில் வெளியே வந்த தண்ணி கையைச் சுட்டது. கொஞ்ச நேரத்தில் ஜில்லுன்னு வந்தது, ஆனா பானை இன்னும் சூடு!

"கலக்கிப் பாருங்கண்ணா" என்றேன். கொதிநீரில் போட்டு எடுத்த கரண்டியால் கலக்கினதும், வெளியே வர்ற தண்ணி மறுபடி சூடாச்சு. சுருளை ஒட்டியிருந்த வோர்ட் மட்டும் ஆறி, போர்வை மாதிரி நின்றிருக்கிறது. பவுண்டரி லேயர்! மார்க்குக்காக டெஃபனிஷன் எழுதின வார்த்தையை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். 25 நிமிஷத்தில் 20 டிகிரி. அங்கே குளிர்காலம், குழாய்த் தண்ணியே 10 டிகிரிதான். நம்ம ஊர் 30 டிகிரி டேங்க் தண்ணியை நாள் பூரா ஓட்டினாலும் 30-க்குக் கீழே போகாது, ஐஸ் வேணும்.

லேபில் நாம என்ன பண்றோம்? ரீடிங் எடுத்து, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கிராஃப் போடுறோம். தப்பாப் போனாலும் எதுவும் கெட்டுப் போறதில்லை. அதனாலதான் எதுவும் மனசில் நிக்கிறதில்லை என்பது என் கருத்து.

ஒரு பானை வெந்நீர், செம்புக் குழாய், தெர்மாமீட்டர் போதும். "அரை மணியில் 40 டிகிரிக்குக் கொண்டு வா, முடியலைன்னா ஏன்னு சொல்லு" என்று ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட் வைக்கட்டும். ஜூனியர்ஸ், லேபில் இதைக் கேளுங்க. நான் கேட்காமலே நாலு வருஷத்தை ஓட்டிட்டேன்.