தாத்தாவின் பெயர் எந்த ஏட்டில்?

பேரவை நண்பர்களே, உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் இந்த மண்ணுக்கு வந்தார்? நம்மில் பெரும்பாலோரின் பதில் “தஞ்சாவூர்ப் பக்கம்”, “சேலம் பக்கம்” என்ற அளவில் நின்றுவிடும். அதுவும் வாய்வழிச் செய்திதான். தாளில் இல்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவரால் இதற்கு விடை தேட முடியும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த ‘துரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன 152,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கோர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் பதிந்திருக்கின்றன. (சாதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியது எனக்கு உறுத்துகிறது. ஆனால் கிராமத்தின் பெயர் அதே வரியில்தான் இருக்கிறது.) மொரீசியசில் மகாத்மா காந்தி கழகம் இத்தகைய ஏடுகளைப் புகைப்படங்களோடு காத்து வருகிறது. கயூத்ரா பகதூர் என்ற எழுத்தாளர், 1903இல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குத் தனியாகக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியை இத்தகைய தாள்களின் வழியே தேடிச் சென்று 2013இல் ஒரு நூலே எழுதினார்.

நமக்கு ஏன் அது வாய்க்கவில்லை? மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நம்மவர் பெரும்பாலும் கங்காணிகள் மூலமாகவே வந்தனர். அவர்கள் சட்டப்படி சுதந்திரமானவர்கள். ஒப்பந்தத் தாள் தேவைப்படவில்லை. கட்டுண்டு போனவனுக்கு எண்ணும் ஏடும் கிடைத்தன. ‘சுதந்திரமாக’ வந்தவன் ஆண்டறிக்கையில் ஒரு தலைக்கணக்கானான். நம் வரலாற்று நூல்களும் அந்தத் தலைக்கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கிள்ளான் தோட்டமொன்றில் பிறந்த என் தாத்தாவைத் தாள்களில் தேடிப் பார்த்தேன். பிறப்புப் பத்திரம் இல்லை. அவசரகாலத்தில், 1948இல், அரசாங்கம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. அந்த வயது வந்ததும் அவருக்கும் ஒன்று கிடைத்தது. கண்காணிக்க வந்த தாள்தான் அவருக்கு முதலில் பெயரும் முகமும் கொடுத்தது! பாட்டியைக் கோயிலில் தாலி கட்டி மணந்ததற்குச் சான்றிதழ் இல்லை. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு ஊழியர் சேமநிதிக் கணக்கு, கடைசியில் இறப்புப் பத்திரம். மூன்று தாளிலும் மூன்று எழுத்துக்கூட்டல். ‘லட்சுமி’யை ‘லெச்சுமி’ என்றும் ‘ஆறுமுக’த்தை ‘ஆர்முகம்’ என்றும் எழுதிப்போன கைகளை நாம் எல்லாரும் அறிவோம். உடலை எரித்துவிட்டோம், ஆகவே கல்லறை எழுத்தும் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த ஒரு குமாஸ்தாவைத் தேடியிருந்தால் நியமனம், பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று கோப்புகளாவது இருந்திருக்கும்.

இத்தனைக்கும் தோட்டத்தில் அவர் பெயர் எழுதப்படாத வேலை நாளே இருந்திருக்காது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டார். செக்ரோலில் வருகை பதிந்தது. ஆனால் அந்த ஏடு கம்பெனியின் சொத்து. புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. காடுபோல் மரம் நின்ற இடத்தில் வீடுகள் நிற்கின்றன. தோட்டங்கள் கைமாறியபோது பழைய செக்ரோல்களைக் கேட்டு வாங்க யாருக்குத் தோன்றியது?

எஞ்சியிருப்பது பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டமே இல்லாமல் பெயரில் மட்டும் ‘லாடாங்’ என்பதைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். அவற்றின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள்தாம் நம் கப்பல் பட்டியல் என்பது என் கருத்து. நான் படித்ததும் அப்படியொரு பள்ளியில்தான். ஆறு ஆண்டுகள் அங்கே படித்தபோது அலுவலக அலமாரியை யாரும் எங்களுக்குத் திறந்து காட்டியதில்லை. பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நம்மவர் வந்துபோன சில வரிகளிலும் பெயர்கள் இல்லை.

ஒவ்வொரு விடுமுறையிலும் கலைநிகழ்ச்சிக்கும் தன்முனைப்பு முகாமுக்கும் ஆள் திரட்டும் நம் தமிழ்ப் பேரவைகள், ஒரு விடுமுறையை இதற்கு ஒதுக்கலாமே. தலைமையாசிரியரின் அனுமதியோடு, 1970க்கு முந்திய ஏடுகளைப் படமெடுத்துப் பள்ளிக்கு ஒரு பிரதி கொடுத்தால் போதும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை வெளியிடக் கூடாது. உறவினர் வந்து கேட்டால் தேடிக் கொடுக்கலாம். கரையானும் இடமாற்றமும் அடுத்த பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கப் போவதில்லை.

இது வெறும் பழங்கதை ஆர்வம் என்பார்களோ? என் பெரியம்மா முறை உறவினர் ஒருவர் 1959இல் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். சுதந்திர நாளிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்பு வரை கூட்டரசில் பிறந்தவரை, மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அரசியலமைப்பே குடிமகனாக ஏற்கிறது. ஆனால் பிறப்பைப் பதியாததால் இந்த வயதிலும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. முகப்பில் இருந்தவர், “இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்” என்றார். தோட்டமும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. சென்ற ஆண்டு அவர் படித்த பள்ளியின் அலமாரியில் 1966ஆம் ஆண்டு ஏடு அகப்பட்டது. தமிழில், நீல மையில், ஒரே ஒரு வரி: அவர் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த தோட்டம். தலைமையாசிரியர் கையொப்பமிட்ட அதன் நகலோடு விண்ணப்பம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது.