மாட்டுப் பொங்கலும் மாட்டின் வயிறும்



தைத் திங்கள் நெருங்குகிறது. நம்மவர் பலர் பொங்கலுக்கு ஊர் செல்லப் பயணச் சீட்டு முன்பதிவு செய்துவிட்டனர். இடக்கொச்சியில் என் அடுத்த வீட்டு நண்பரும் சங்கரன்கோவில் பக்கத்துத் தம் சிற்றூருக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறார். அங்கே அவருடைய தமையனார் இன்றும் ஓர் இணை உழவு மாடுகள் வைத்திருக்கிறார். “இந்த முறை பெரியப்பா வீட்டுக் காளைகளுக்கு வயிறாரப் பொங்கல் ஊட்டுவோம்” என்று நண்பரின் பிள்ளைகள் மகிழ்ந்து திரிகின்றனர். அதைக் கேட்டதும் பழைய நினைவு ஒன்று என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் கரிசல் நிலத்துச் சிற்றூர். தாத்தாவிடம் இரண்டு காளைகள் இருந்தன. அவ்வாண்டு மாட்டுப் பொங்கலன்று காலை முதல் வீட்டாரும் அண்டை வீட்டாரும் அவற்றுக்குப் பொங்கலும் பழமும் ஊட்டியவண்ணம் இருந்தனர். மாலையில் நான் ஒருவரும் அறியாமல், எஞ்சிய பொங்கல் முழுவதையும் இரண்டு மரக்கால் பச்சரிசியையும், ஏரில் வலப்புறம் பூட்டும் காளையின் தொட்டியில் கொட்டினேன். ஆண்டு முழுதும் உழைத்த மாடு ஒரு நாளாவது நன்றாய் உண்ணட்டும் என்பதே என் எண்ணம். அது சுவைத்து உண்டதைக் கண்டு பெருமிதத்தோடு உறங்கப் போனேன்.

மறுநாள் காலையில் காளை வைக்கோலைத் தொடவில்லை, அசைபோடவும் இல்லை. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. சாணம் நீராய், புளித்த நாற்றத்தோடு கழிந்தது. நடக்கவிட்டால் கால் தடுமாறியது. கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் மாலையாகிவிட்டது. அவர் இயன்றதெல்லாம் செய்தார். ஆயினும் அடுத்த நாள் விடியுமுன் காளை இறந்தது. தாத்தா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஒற்றை மாட்டால் ஏர் ஓடாது, மற்றதையும் விற்றுவிட்டார். அதன் பின்னர் எங்கள் வீட்டுத் தொழுவம் விறகு அடுக்கும் இடமாயிற்று.

அரிசி நஞ்சன்று, பின் மாடு ஏன் இறந்தது? மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் முதல் அறை 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி போன்றது. அதனுள் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களே வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கின்றன. அரிசி, கம்பு, சோளம் போன்ற தானியமும் வெல்லமும் மிகுதியாக உள்ளே சென்றால், அவை விரைந்து புளித்து அமிலமாகின்றன. வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நின்றுபோகிறது. அமிலம் குருதியிலும் கலக்கிறது. மனிதர்க்கு அமுதாகும் பொங்கல், அளவு மீறினால் மாட்டுக்கு எமனாவது இவ்வாறே.

இந்த அமிலத்தை முறிக்க இயற்கை ஒரு மருந்தையும் வைத்திருக்கிறது. அது மாட்டின் உமிழ்நீர். சோடா உப்புக் கலந்த இந்த நீர் ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேலும் சுரக்கும். ஆனால் மாடு மென்றால்தான் அது நிறையச் சுரக்கும். வைக்கோல் தின்னும் மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. தானியத்துக்கு அவ்வளவு மெல்லும் வேலை இல்லை. ஆகவே வைக்கோல் வெறும் வயிறு நிரப்பும் பொருளன்று. தானியத்தின் தீமையைத் தடுக்கும் காவலும் அதுவே.

ஆனால் வைக்கோல் மட்டும் போதுமா? போதாது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். உழைக்கும் மாட்டுக்கு வலுத்தீனி வேண்டும். இங்குள்ள கடைகளில் ‘முதிர’ என்று நாம் கேட்டு வாங்கும் கொள்ளில், நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம் உண்டு. அதை வேகவைத்தோ ஊறவைத்து அரைத்தோ கொடுப்பது நம் முன்னோர் வழக்கம். பருத்திக்கொட்டை, தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவையும் நல்லவையே. 400 கிலோ எடையுள்ள காளைக்கு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், நாளைக்கு 8 முதல் 10 கிலோ வரை தீனி தேவை. அதில் வலுத்தீனி, கடும் உழைப்பு நாளிலும் 2 கிலோ அளவில் இருந்தால் போதும். அதையும் காலை மாலை எனப் பிரித்து இடவேண்டும். புதிய தீனி எதுவாயினும் ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

நாம் வாழும் இப்பகுதியில் வைக்கோற் படப்பைக் காண்பதே அரிது. இங்கே உப்புநீர் வயல்களில் விளையும் பொக்காளி நெல்லின் கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். அது அழுகி இறாலுக்கு இரையாகும். ஒரு காலத்தில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சரக்கு இழுத்த வண்டிமாடுகளும் இன்று இல்லை. ஆதலால் இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கு மாட்டின் தீனி முறை தெரியாமற் போவது அவர்கள் குற்றமன்று. சொல்லிக் கொடுக்கவேண்டியது நம் கடமை.

இன்னும் ஒன்று. தீனி இட்டால் மட்டும் போதாது; அசைபோடப் பொழுதும் கொடுக்கவேண்டும். 1965-ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள், இழுவை மாடுகளை நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கவும் தடை உண்டு. நிழலில் படுத்து அசைபோடும் மாட்டைச் சோம்பல் என்று எண்ணி எழுப்புவோர், உண்டதைச் செரிக்கவிடாமல் தடுப்பவர் ஆவர்.

பொங்கலன்று மாட்டுக்கு ஒன்றும் ஊட்டக் கூடாதோ எனில், ஊட்டலாம். முதலில் வைக்கோலும் பசும்புல்லும் உண்ணச் செய்து, பிறகு ஒரு கைப்பிடிப் பொங்கல் ஊட்டினால் போதும். சடங்கும் நிறைவுறும், மாட்டுக்கும் கேடில்லை. வீட்டில் ஒருவர் மட்டுமே ஊட்டட்டும். தானிய மூட்டையை மாட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாடு அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பி நின்றால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம்.

நேற்று மாலை நண்பரின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இளையவள் சற்று நேரம் பேசாதிருந்து, “மாமா, அப்படியென்றால் நான் புல் மட்டும் கொடுக்கிறேன்” என்றாள். “புல்லும் கொடு, கைப்பிடிப் பொங்கலும் கொடு. பிறகு அது படுத்து அசைபோடும்வரை அருகே உட்கார்ந்து பார்” என்றேன்.

ஊர் செல்வோர் நலமுடன் சென்று வருக. அனைவர்க்கும் பொங்கல் வாழ்த்துகள்.