எந்தச் சிவப்பு இரசம்?

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் நம்மிடம் ஒரு வினா வந்துவிடுகிறது: "சாமி, விருந்துக்கு எந்தச் சிவப்பு ஒயின் கொண்டுபோகலாம்?" புளியரைக்கு அப்பாலுள்ள கேரள வழக்கம் தென்காசியிலும் எட்டிப்பார்க்கிறது.

ஒயின் மதுவே அன்று என்று சாதிப்போரோடுதான் நமக்கு வழக்கு. பீரில் ஆல்கஹால் நூற்றுக்கு 5 பங்கு என்றால், ஒயினில் ஏறத்தாழ 12. விவிலியத்தின் 'திராட்சை இரசம்' என்னும் இனிய சொல் வெறும் பழச்சாறு என்ற மயக்கத்தை வளர்த்துவிட்டது. உடனே கானாவூரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அங்கே 6 கல்தொட்டிகள் நிரம்பியது மணவீட்டார் தலைகுனியாதிருக்க. இங்கோ, கணவனின் குடியால் தாலியையும் அடகு வைத்தவளின் மேசையில் புட்டியை வைக்கிறோம், தலைகுனிபவள் அவளே.

திருப்பலி இரசத்தில் ஒரு புட்டி கேட்பாரும் உளர்! அவர்களுக்கு மறுமொழி இல்லை.

சிவப்புதான் வேண்டுமெனில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. ஆண்டு முழுவதும் அறுவடையாவது, மார்கழிக்கும் கிட்டும். தோலோடு கொதிக்கவிட்டு வடித்தால் நல்ல செந்நிறம். அன்றே பருகிவிடுங்கள், சில நாள் வெளியே வைத்தால் அதுவும் நுரைக்கத் தொடங்கிவிடும்.